எண்கள் வரைபடமாகும் விதம்

மருத்துவமனையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட நோயாளியின் கட்டிலருகே ஒரு தாள் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செவிலியர் குறித்த நேரத்திற்கு ஒரு முறை வெப்பமானியை வைத்துப் பார்த்து, அந்தத் தாளில் ஒரு புள்ளி இடுவார். முந்தைய புள்ளியோடு அதைக் கோட்டால் இணைப்பார். மருத்துவர் வந்ததும் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். நோயாளியை எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் சென்றிருந்த வேளையில் வெப்பநிலை பார்க்க முடியாமற் போனால் செவிலியர் என்ன செய்வார்? அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். ‘பார்க்கவில்லை’ என்பதற்காக 0 டிகிரி என்று ஒருநாளும் புள்ளி வைக்கமாட்டார்.

இதே வேலையை இன்று கணிப்பொறிகள் செய்கின்றன. மழையளவு, அணையின் நீர்மட்டம், மின் தேவை, தங்கத்தின் விலை என்று எத்தனையோ வரைபடங்களை வலைப்பக்கங்களில் காண்கிறோம். அவற்றை ஒருவர் உட்கார்ந்து வரைவதில்லை. எங்கோ ஒரு தரவுத்தளத்தில் சேமித்து வைக்கப்பட்ட எண்கள், நாம் பக்கத்தைத் திறக்கும் நொடியில் புறப்பட்டு வந்து நம் திரையில் கோடுகளாகின்றன. அவ்வெண்கள் எப்படி வருகின்றன? வழியில் அவற்றுக்கு என்ன நேரக்கூடும்? செவிலியருக்கு இயல்பாகவே தெரிந்த ஒன்று கணிப்பொறிக்கு ஏன் தெரிவதில்லை? இவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் நேர்ந்த ‘உறைபனி’

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை மொட்டை மாடியில் ஒரு சிறிய வெப்பநிலை உணரியை வைத்திருக்கிறோம். மணிக்கு ஒரு முறை அது அளவெடுத்துத் துறையிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அந்த அளவுகளைக் கொண்டு ஒரு வலைப்பக்கம் அமைத்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரைபடம், அதன் கீழே அன்றைய சராசரி. ஒரு குறிப்பிட்ட நாளின் சராசரி 23.5 டிகிரி செல்சியஸ் என்று வந்திருந்தது. முந்தைய நாளைவிட ஏறத்தாழ 5 டிகிரி குறைவு. ‘திடீர்க் குளிர்ச்சி’ என்று அதைப்பற்றி ஒரு பத்தியும் செயல்திட்ட அறிக்கையில் அவர் எழுதியிருந்தார். நான் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

அறிக்கையை அனுப்புவதற்கு முன்தினம் திரையில் அந்த வரைபடம் திறந்திருந்தது. ஆய்வுக்கூடச் சாவியைக் கொடுக்க வந்த இரவுக் காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன சார், ராத்திரியில கோடு கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு?” என்று கேட்டார். இரவு 1 மணி முதல் 4 மணி வரை வெப்பநிலை 0 டிகிரி என்று கோடு காட்டியது. நான் தேதியைச் சொன்னேன். “அன்னைக்கு மாடியிலதான் சார் படுத்திருந்தேன். காத்தே இல்ல; புழுங்கித் தள்ளிடுச்சு” என்றார் அவர்.

சமவெளியிலுள்ள ஊரில் நீர் உறையும் குளிர் வந்ததாக ஓர் இயற்பியல் ஆசிரியன் கையெழுத்திட்டிருந்தான்! பிறகு ஆராய்ந்தபோது அந்த நான்கு மணி நேரமும் உணரியின் மின்கலம் செயலிழந்திருந்தது தெரிந்தது. ஆனால் வியப்பு அதுவன்று. உணரி 0 என்று அனுப்பவில்லை, எதையுமே அனுப்பவில்லை. தரவுத்தளத்திலும் 0 இல்லை. அந்த இடங்கள் வெறுமையாகவே இருந்தன. அப்படியானால் நான்கு பூச்சியங்களும் எங்கே பிறந்தன? தரவுத்தளத்திலிருந்து திரைக்கு வரும் வழியில்தான். எனவே அந்த வழியை அடிமேல் அடிவைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு

எங்கள் மாடியை விட்டு, உலகறிந்த ஓர் அளவீட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அறிவியலார், 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா எரிமலைச் சரிவில் காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அந்த ஆய்வுக்கூடம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3400 மீட்டர் உயரத்தில், தொழிற்சாலைகளுக்கும் காடுகளுக்கும் அப்பால் அமைந்தது. கார்பன்-டை-ஆக்சைடு அகச்சிவப்புக் கதிர்களை உட்கவரும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். காற்றின் ஊடே அத்தகைய கதிரைச் செலுத்தி, எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று பார்த்தால் அவ்வாயுவின் அளவு தெரியும். கீலிங் பயன்படுத்திய கருவியின் தத்துவம் இதுவே.

1958ஆம் ஆண்டின் மாதச் சராசரிகளைக் கீழே தருகிறேன். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் எத்தனை கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறுகள் என்பதே அலகு. இதைப் பிபிஎம் என்பர். எண்கள் ஒரு தசம இடத்திற்குத் திருத்தப்பட்டவை.

மார்ச் 315.7
ஏப்ரல் 317.5
மே 317.5
ஜூன் —
ஜூலை 315.9
ஆகஸ்ட் 314.9
செப்டம்பர் 313.2
அக்டோபர் —
நவம்பர் 313.3
டிசம்பர் 314.7

ஜூன், அக்டோபர் ஆகிய இரு மாதங்களுக்கும் சராசரி இல்லை. ஸ்கிரிப்ஸ் நிறுவனம் வெளியிடும் கோப்பில் இத்தகைய இடங்களில் -99.99 என்று எழுதப்பட்டிருக்கும். காற்றில் ஒரு வாயுவின் செறிவு குறை எண்ணாக இருக்க முடியாதல்லவா? ஆகவே அதைக் காணும் ஆராய்ச்சியாளர், ‘இங்கே அளவு இல்லை’ என்று உடனே புரிந்துகொள்வார். மனிதருக்கு அது குறிப்பு. கணிப்பொறிக்கோ அது மற்றவற்றைப் போல ஓர் எண். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் குடியிருக்கும் இடம்

எண்களை முறையாகச் சேமித்து வைக்கும் இடமே தரவுத்தளம். இன்று பெரிதும் வழங்கும் தரவுத்தளங்கள், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்தின்மீது எழுந்தவை. எல்லா விவரங்களையும் அட்டவணைகளாக வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கணிதத்தில் அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்திருப்பீர்கள். இங்கும் அவைதாம். நமது அட்டவணையில் ஒரு மாதத்திற்கு ஒரு நிரை. நாள், அளவு, இடம், குறிப்பு என்று நான்கு நிரல்கள் வைக்கலாம்.

அளவு இல்லாத மாதத்தில் ‘அளவு’ நிரலில் என்ன எழுதுவது? இதற்கென்றே தரவுத்தளங்களில் ‘நல்’ என்னும் ஒரு நிலை உண்டு. நல் என்பது பூச்சியமும் அன்று, குறை எண்ணும் அன்று; மதிப்பே இல்லை என்னும் அறிவிப்பு. கோப்பிலுள்ள -99.99-ஐத் தரவுத்தளத்தில் ஏற்றும்போதே நல்லாக மாற்றிவிட வேண்டும். இதுவே நாம் கடக்கும் முதல் வாயில்.

இதனால் என்ன பயன் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மேலே உள்ள எட்டு அளவுகளின் கூடுதல் 2522.7. நல் என்று குறித்திருந்தால் தரவுத்தளம் சராசரி காணும்போது அவ்விரு நிரைகளையும் தவிர்த்து, 8ஆல் வகுத்து 315.3 என்று விடை தரும். அவ்விடங்களில் 0 இருந்தால், அதே கூடுதலை 10ஆல் வகுத்து 252.3 என்று சொல்லும். -99.99 இருந்தால் 232.3 என்று சொல்லும். மூன்று விடைகளையும் கணிப்பொறி ஒரே நம்பிக்கையோடுதான் அச்சிடும்! பத்துக்கு எட்டு எண்கள் சரியாக இருந்தும், சராசரி கால் பங்கு குறைந்துவிடுவதைக் கவனியுங்கள்.

கேட்டால்தான் கிடைக்கும்

அட்டவணையிலிருந்து வேண்டியதை எடுக்க ஒரு கேள்வி மொழி உள்ளது. அதன் பெயர் எஸ்.க்யூ.எல். அதில் எழுதும் கேள்வி ஏறக்குறைய இப்படியிருக்கும்: ‘அளவுகள் என்னும் அட்டவணையிலிருந்து நாள், அளவு ஆகிய நிரல்களைத் தேர்ந்தெடு; 1958ஆம் ஆண்டுக்குரிய நிரைகளை மட்டும்; நாள் வரிசைப்படி அடுக்கித் தா.’

இறுதியில் உள்ள ‘நாள் வரிசைப்படி’ என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். பொருள்களைப் பெட்டியில் போட்ட வரிசையிலேயே திரும்ப எடுக்க முடியும் என்பது உறுதியில்லை. அதுபோலவே வரிசையைக் கேட்டுப் பெறாவிட்டால் தரவுத்தளம் எந்த வரிசையில் தந்தாலும் தவறில்லை. மார்ச்சுக்குப் பின் டிசம்பர், பின் மே என்று வந்தால் கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சிலந்தி வலையாகிவிடும்.

உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவி, தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை. பேச விட்டால் யார் வேண்டுமானாலும் எண்களை மாற்றிவிடலாம் அல்லவா? நூலகத்தில் புத்தக அடுக்குக்குள் எல்லாரையும் விடாமல், சீட்டை வாங்கிக்கொண்டு நூலகர் உள்ளே சென்று எடுத்து வருவது போன்ற ஏற்பாடு இங்கும் உண்டு. உலாவி ‘1958’ என்று சீட்டு அனுப்புகிறது. சர்வர் என்னும் வழங்கு கணிப்பொறியிலுள்ள ஒரு நிரல்தொகுப்பு அதை வாங்கி, அது ஓர் ஆண்டுதானா என்று சரிபார்த்து, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டு, விடையைக் கட்டி அனுப்புகிறது.

பெயர் சொல்லும் பொட்டலம்

விடையை எந்த உருவில் கட்டுவது? அனுப்பும் கணிப்பொறி ஒரு வகையினதாகவும் வாங்கும் கணிப்பொறி வேறு வகையினதாகவும் இருக்கலாம். இருவருக்கும் பொதுவான ஒரு முறை வேண்டும். அவற்றுள் ஒன்று எக்ஸ்.எம்.எல். வலைத்தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சி இதை 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. ஒவ்வொரு விவரத்தின் முன்னும் பின்னும் அதன் பெயரை எழுதிவிடுவதே இதன் அடிப்படை. பெயர்களை நாமே அமைத்துக்கொள்ளலாம்; தமிழிலும் அமைக்கலாம். நமது விடையின் ஒரு பகுதி இதோ:

<அளவுகள் இடம்="மௌனா லோவா" அலகு="பிபிஎம்">
  <பதிவு>
    <நாள்>1958-05</நாள்>
    <அளவு>317.5</அளவு>
  </பதிவு>
  <பதிவு>
    <நாள்>1958-06</நாள்>
    <அளவு நிலை="அளக்கவில்லை"></அளவு>
  </பதிவு>
</அளவுகள்>

கோண அடைப்புக்குள் உள்ள பெயரை டேக் என்பார்கள். திறந்த டேக் ஒவ்வொன்றையும் சாய்கோடிட்டு மூட வேண்டும். ஒன்றை மூட மறந்தாலும் படிக்கும் நிரல் அங்கேயே நின்று, ‘பிழை’ என்று அறிவித்துவிடும். இது கடுமையாகத் தோன்றினாலும் நன்மையே. பாதி பிய்ந்த பொட்டலத்தை வைத்துக்கொண்டு வரைபடம் வரைவதைவிட, வரையாமல் இருப்பது மேல்.

இதைப் பெற்ற உலாவி, மொத்தத்தையும் ஒரு குடும்ப மரம்போல நினைவில் அமைத்துக்கொள்கிறது. ‘அளவுகள்’ வேர், அதன் பிள்ளைகள் ‘பதிவுகள்’, அவற்றின் பிள்ளைகள் ‘நாள்’, ‘அளவு’. நிரல் இம்மரத்தின் கிளைகளில் ஏறி ஒவ்வொரு பதிவாகப் பறித்துக்கொள்கிறது. இன்று இதற்கு மாற்றாக ஜேசன் என்னும் சுருக்கமான முறையும் மிகுதியாக வழங்குகிறது. பொட்டலத்தின் தாள் வேறானாலும் உள்ளே இருப்பது ஒன்றே. ஜேசனில் நல் என்பதை எழுத ஒரு தனிச் சொல்லே உண்டு. எக்ஸ்.எம்.எல்.-இல் மேலே காட்டியதுபோல் நாம் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்.

பூச்சியம் பிறந்த இடம்

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொட்டலத்தில் வந்த 317.5 என்பது இன்னும் எண் அன்று; மூன்று, ஒன்று, ஏழு, புள்ளி, ஐந்து என்னும் எழுத்துகளின் வரிசை. உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 315.7, 317.5 ஆகிய இரு எழுத்து வரிசைகளைக் கூட்டச் சொன்னால், ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி 315.7317.5 என்று தந்துவிடும். பெரியது எது என்று கேட்டால் அகராதி முறையில் முதல் எழுத்தைப் பார்த்து, 315.7-ஐவிட 99.5 பெரியது என்று சொல்லும். ஆகவே எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்றை நாம் தர வேண்டும்.

எங்கள் மாணவியும் அக்கட்டளையைத் தந்திருந்தார். ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘நம்பர்’ என்பது அதன் பெயர். அதனிடம் 28.4 என்னும் எழுத்துகளைக் கொடுத்தால் 28.4 என்னும் எண்ணைத் தருகிறது. ‘வெப்பம்’ போன்ற சொல்லைக் கொடுத்தால், ‘இது எண் அன்று’ என்று அறிவிக்கிறது. ஆனால் ஒன்றுமே இல்லாத வெற்று வரிசையைக் கொடுத்தால்? 0 என்று தருகிறது! நல்லைக் கொடுத்தாலும் 0 என்றே தருகிறது. அம்மொழியின் விதியே அப்படி. மின்கலம் செயலிழந்திருந்த நான்கு மணி நேரமும் வெற்று வரிசைகளாக இங்கே வந்து, நான்கு பூச்சியங்களாக வெளியே சென்றன. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் தோன்றவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. எண்ணாக மாற்றுவதற்கு முன் ‘இது வெறுமையா?’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். வெறுமையானால் வெறுமையாகவே அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு வரிதான்.

தேதியிலும் இத்தகைய பொறி ஒன்றுண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஆண்டு, மாதம் என்று தனித்தனி எண்களாகக் கொடுத்தால், அது ஜனவரியை 0 என்று கொண்டு எண்ணும். மார்ச் என்பதற்கு 3 என்று கொடுத்தால் ஏப்ரலில் புள்ளி விழும். கோடு முழுவதும் ஒரு மாதம் நகர்ந்துவிடும். உருவம் மாறாததால் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

எண் தூரமாகும் கணக்கு

இனிமேல் நடப்பது உங்களுக்கு நன்கு தெரிந்ததே. வரைபடத்தாளின் மூலையில் ‘அளவுத்திட்டம்: ஒரு செ.மீ. = இத்தனை அலகு’ என்று எழுதுகிறோமே, அதையேதான் கணிப்பொறியும் செய்கிறது. திரையில் 300 படப்புள்ளி உயரமுள்ள ஒரு கட்டம் இருப்பதாகக் கொள்வோம். 310 முதல் 320 பிபிஎம் வரை அதில் காட்ட வேண்டுமானால், ஒரு பிபிஎம்முக்கு 30 படப்புள்ளிகள். மார்ச் மாத அளவாகிய 315.7 என்பது 310-ஐவிட 5.7 அதிகம். 5.7-ஐ 30ஆல் பெருக்க 171. அடியிலிருந்து 171 படப்புள்ளி உயரத்தில் புள்ளி வைக்க வேண்டும்.

ஒரே ஒரு வேறுபாடு. நாம் ஆதிப்புள்ளியை இடப்புறம் கீழ் மூலையில் வைத்துப் பழகியவர்கள். திரையில் அது இடப்புறம் மேல் மூலையில் உள்ளது. கீழே போகப் போக எண் கூடும். ஆகவே 300-லிருந்து 171-ஐக் கழித்து 129 என்று கொடுக்க வேண்டும். கழிக்க மறந்தால் மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தெரியும்.

இப்போது -99.99 திருத்தப்படாமல் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அச்சின் எல்லைகளை எண்களைப் பார்த்துத் தாமே அமைத்துக்கொள்ளுமாறு பல வரைபட நிரல்களை விட்டுவிடுகிறோம். அப்போது அச்சு -99.99 முதல் 317.5 வரை நீளும். ஏறத்தாழ 417 பிபிஎம்மை 300 படப்புள்ளிகளில் அடக்க வேண்டும். மே மாதத்தின் 317.5-க்கும் செப்டம்பரின் 313.2-க்கும் உள்ள 4.3 பிபிஎம் வேறுபாடு, முன்பு 129 படப்புள்ளிகளாக இருந்தது. இப்போது வெறும் 3 படப்புள்ளிகளாகச் சுருங்கிவிடும்.

அந்த வேறுபாட்டில் என்ன இருக்கிறது? கீலிங்கின் முதற் பெரும் கண்டுபிடிப்பே அதில்தான் இருக்கிறது. வடகோளத்தின் தாவரங்கள் கோடையில் ஒளிச்சேர்க்கையால் கார்பன்-டை-ஆக்சைடை உறிஞ்சுகின்றன. குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்து மக்கும்போது அது காற்றுக்குத் திரும்புகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி உச்சமும், செப்டம்பர்-அக்டோபரில் தாழ்வும் தோன்றும் அந்த அலையை அவர் கண்டறிந்தார். பின்வந்த ஆண்டுகளில் அலை முழுவதுமே மேல்நோக்கி நகர்வதையும் காட்டினார். 2024ஆம் ஆண்டின் சராசரி 424 பிபிஎம்முக்கு மேல். இவ்வளவையும் சொல்லும் கோட்டை, அளக்காத இரண்டு மாதங்களுக்கான ஒரு குறியீடு தட்டையாக்கிவிடும் என்றால், வெறுமையைச் சரியாகக் கையாளுவது சிறு செய்தியன்று என்பது விளங்கும்.

பேனாவைத் தூக்க வேண்டிய இடம்

வெறுமையை எப்படி வரைவது? 2001ஆம் ஆண்டு டபிள்யூ3சி வெளியிட்ட எஸ்.வி.ஜி. என்னும் முறையில் கோடுகளை வரையலாம். அதில் ‘இந்தப் புள்ளிவரை கோடு இழு’ என்று ஒரு கட்டளையும், ‘கோடு இழுக்காமல் இந்தப் புள்ளிக்குப் போ’ என்று மற்றொரு கட்டளையும் உண்டு. இரண்டாவது, தாளிலிருந்து பேனாவைத் தூக்கி நகர்த்துவதற்குச் சமம். மே மாதத்தில் கோட்டை நிறுத்தி, பேனாவைத் தூக்கி, ஜூலையில் வைத்துத் தொடர வேண்டும். ஆயத்த வரைபட நிரல்தொகுப்புகள் பலவற்றிலும் வெற்றிடத்தில் கோட்டை முறிக்கும் வசதி உண்டு. வெற்றிடம் வெற்றிடமாகவே அவற்றின் கைக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சிலர் வேறொரு தவறு செய்வார்கள். வெற்று நிரைகளைக் கேள்வியிலேயே நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை ஒன்று, இரண்டு என்று சம இடைவெளியில் அடுக்குவார்கள். அப்போது மே மாதத்திற்கு அடுத்த இடத்தில் ஜூலை வந்து உட்காரும். இரண்டு மாதத்தில் நிகழ்ந்த இறக்கம் ஒரு மாதத்தில் நிகழ்ந்ததுபோல் தோன்றும். கோட்டின் சாய்வு இருமடங்காகும். கிடை அச்சில் புள்ளியின் இடத்தைத் தேதியைக் கொண்டே கணக்கிட வேண்டும். வரிசை எண்ணைக் கொண்டு கணக்கிடலாகாது.

இடைவெளியை நிரப்பவே கூடாதா? நிரப்பலாம், ஆனால் நிரப்பியதைச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ஸ் கோப்பில் அளந்த மதிப்புகளுக்கு ஒரு நிரலும், விடுபட்ட இடங்களைக் கணக்கிட்டு நிரப்பிய மதிப்புகளுக்கு வேறொரு நிரலும் இருக்கின்றன. நிதி குறைக்கப்பட்டதால் 1964ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அளவீடு விட்டுப்போன இடமும் அதில் அப்படியே பதிவாகியுள்ளது. நீங்கள் வரையும்போது அளந்ததை முழுக்கோடாகவும் நிரப்பியதைப் புள்ளிக்கோடாகவும் காட்டலாம்.

‘இடம்’ என்று ஒரு நிரல் வைத்தோமே, அது எதற்கு? 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மௌனா லோவா வெடித்தது. எரிமலைக் குழம்பு ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் பாதையையும் மின்கம்பியையும் துண்டித்தது. அமெரிக்க அரசின் நோவா அமைப்பு, டிசம்பர் முதல் 2023 ஜூலைத் தொடக்கம் வரை, வடக்கே சுமார் 34 கி.மீ. தொலைவிலுள்ள மௌனா கியாவில் அளந்தது. கோடு தொடர்கிறது, ஆனால் அந்த மாதங்களின் புள்ளிகள் வேறு மலையில் பிறந்தவை. நிரல் இருந்தால்தான் இது தெரியும்.

அப்படியானால், நம்ப முடியாத மதிப்பு எதுவானாலும் தானாகவே நீக்கிவிடுமாறு நிரல் எழுதிவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்து. நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் ஓசோன் அளவுகளில் 180 டாப்சன் அலகுக்குக் குறைந்தவை ஐயத்துக்குரியவை என்று குறியிடப்பட்டு வந்தன. ஆனால் அந்தக் குறைந்த மதிப்புகள் உண்மையானவை. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய பிரிட்டிஷ் அறிவியலார் தரையிலிருந்து அளந்து, அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் குறைவதை 1985ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டார்கள். செயற்கைக்கோளின் அளவுகள் அழிக்கப்படாமல் குறியோடு சேமிக்கப்பட்டிருந்ததால், அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்து, குறைவு எவ்வளவு பரந்தது என்பதை உறுதிசெய்ய முடிந்தது. ‘குறிப்பு’ நிரல் எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். ஐயமானால் குறியிடுங்கள், அழித்துவிடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு வரைபடத்தாளை எடுத்து, மேலே தந்த 1958ஆம் ஆண்டு அளவுகளை 310 முதல் 320 வரை அளவுத்திட்டம் வைத்து வரையுங்கள். ஜூனிலும் அக்டோபரிலும் பேனாவைத் தூக்குங்கள். மற்றொரு தாளில் அவ்விரு மாதங்களுக்கும் -99.99 என்று கொண்டு, எல்லாம் அடங்கும்படி வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இக்கட்டுரை முழுவதும் சொன்னது அங்கே தெரியும். கணிப்பொறி உள்ளவர்கள் தரவுத்தளத்தில் வேண்டுமென்றே ஒரு மதிப்பை நீக்கிவிட்டுத் தங்கள் வரைபடம் என்ன செய்கிறது என்று சோதிக்கலாம். புதிதாக வரைபடம் அமைப்போர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே.

எங்கள் மாணவி நிரலைத் திருத்தி மீண்டும் வரைந்தார். இப்போது இரவு 1 மணியிலிருந்து 4 மணிவரை கோடு அறுந்திருக்கிறது. எஞ்சிய 20 அளவுகளின் சராசரி 28.2 டிகிரி. அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், விட்டுப்போன நாலு மணி நேரமும் நாளில் குளிர்ச்சியான நேரம் இல்லையா? அப்போ 28.2-ம் கொஞ்சம் கூடுதலாகத்தானே இருக்கும்?” அவர் கேட்டது சரி. வெறுமையை ஒதுக்கிக் கண்ட சராசரியும் முழு நாளின் சராசரி ஆகாது.

‘திடீர்க் குளிர்ச்சி’ பற்றிய பத்தியை நீக்கிவிட்டு, வரைபடத்தின் கீழ் அவர் இப்படி எழுதினார்: ‘20 மணி நேர அளவுகளின் சராசரி 28.2 டிகிரி. இரவு 1 முதல் 4 மணிவரை அளவு எடுக்கப்படவில்லை.’ இம்முறை ஒவ்வொரு எண்ணையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.